மாமனாரின் மோட்டாருக்கு வந்த காய்ச்சல்

என் மாமனார் எனக்குக் கொடுத்த சீர்வரிசையில் இன்றும் என் கைவசம் இருப்பது ஒரு புத்தகம் மட்டுமே. பித்தளை அண்டா ஓட்டையாகிவிட்டது, மோதிரம் என் விரல்கள் பெருத்துவிட்டதால் பயனற்றுப் போனது. புத்தகம் மட்டும் நீல அட்டையோடு, மூலைக்கு மூலை பிசுக்கேறிய கட்டைவிரல் ரேகைகளோடு அலமாரியில் இருக்கிறது. மோட்டார் வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேடு அது. அதைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குக்கு நடுவே வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "மாப்பிள்ளை இங்கிலீசு படிச்சவரு. இதுல என்ன எழுதியிருக்குதுன்னு பார்த்து வெச்சுக்கோணும். நாளைப்பின்ன வண்டிக்கு ஒண்ணுன்னா உங்களைத்தானுங்க கேப்பேன்" என்றார். நான் படித்திருந்த இங்கிலீஷ், பெரும்பாலும் பறவைகளையும் இலையுதிர் காலத்தையும் பற்றியது. கார்புரேட்டரைக் குறித்து எந்தக் கவியும் உருகியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் மாமனார் நீட்டியதை மருமகன் மறுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த நிமிஷம் முதல் நான் மோட்டார் வைத்தியன்.

மாமனாருக்கு வடகரப்பதிப் பக்கம் நிலம். கடலை, சோளம், கிணற்றடியில் கொஞ்சம் தென்னை. மழை எங்கள் பக்கத்தைச் சம்பந்தி வீட்டு விருந்துக்கு வந்தவர் போல எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மற்றபடி எல்லாம் கிணறும் மாடும்தான். அப்படிப்பட்ட மனிதர், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற கறுப்பு மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்தபோது ஊரே அசந்துபோயிற்று. அவருக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார். "அம்பது வயசுல கையும் காலும் வேற வேற பக்கம் ஆட்டச் சொன்னா முடியுங்களா?" என்பது அவர் வாதம். ஓட்டுவதற்குப் பாலக்காட்டிலிருந்து ஒரு ராவுத்தர் வந்து சேர்ந்தார். யுத்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடியபோதே பஸ் ஓட்டியவர். இருபது வருஷம் வண்டி ஓட்டி, ஒரு நாள்கூட ஓர் என்ஜினைக் கொதிக்க விட்டதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. மற்ற விஷயங்களில் பெருமைப்படச் சந்தர்ப்பம் வாய்க்காத மனிதர்களுக்கு இப்படி ஒன்று இருந்துவிட்டால் அது மிகவும் கூர்மையாக இருக்கும். அதன் மேல் யாரும் கையை வைக்கக் கூடாது.

நான் அப்போது வண்டிப்பெரியாருக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தா. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். எங்கள் வழக்கப்படி பெண்ணைப் பெற்றவர்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து விருந்து போட்டு, பிரசவத்துக்குத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். மாமனார் மோட்டாரிலேயே வருவதாகக் கடுதாசி எழுதினார். பொள்ளாச்சி, உடுமலை, பழனியில் ஒரு ராத் தங்கல், பிறகு தேனி, கம்பம், கூடலூர், குமுளி மலை. மரியாதைக்காக நான் பஸ் பிடித்து மலையடிவாரத்துக் கூடலூருக்குப் போய்க் காத்திருந்தேன். காலை பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் ஒரு மணிக்கு வந்தார்கள். வண்டியின் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மாமனாரின் மூக்கிலிருந்தும் ஏறக்குறைய அதேதான்.

அன்றைய மலையேற்றத்தை என்னால் மறக்க முடியாது. இரண்டு வளைவு ஏறுவோம், ரேடியேட்டர் மூடி தடதடக்கும், ராவுத்தர் ஓரம் கட்டுவார். மாமியாரும் துணைக்கு வந்த அத்தையும் புளிச்சோற்றுப் பானையையும் எலுமிச்சைச் சோற்றுப் பானையையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் பாறை நிழலில் உட்காருவார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்குவேன். அடுத்த இரண்டு வளைவு. மறுபடி தடதட. எங்களைக் கடந்து போன பஸ்ஸிலிருந்து தோட்டத்து ஆள் ஒருவர் தலையை நீட்டி, "என்ன அண்ணாச்சி, உலை கொதிச்சிட்டுல்லா? அரிசியப் போடுங்க!" என்று கத்தினார். பின் சீட்டிலிருந்து இன்னொரு குரல், "அரிசி எதுக்குவே, அவுக சோத்தையும் பொங்கித்தான் கொண்டு போறாக" என்றது. பஸ் முழுவதும் சிரித்தது. மாமனார் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சொந்த ஊரில் அவர் நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் துண்டை இடுப்பில் கட்டுவார்கள்.

ஏழாவது முறை வண்டி நின்றபோதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ராவுத்தரே, காலையில பொறப்படறப்பத் தண்ணி ஊத்தினீங்களா இல்லையா?"

ராவுத்தர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். திருகுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வண்டிப்பெரியார் போய்ச் சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் மாமனார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னார். மூன்றாம் நாள் விருந்து. அதற்கு முன் ஒரு முறை பீர்மேடு ஏற்றத்தில் வண்டியை ஏற்றிப் பார்ப்பது. அப்போதும் கொதித்தால் ராவுத்தர் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட வேண்டியது. தோட்டத்து லாரி டிரைவர் ஒருவரை வைத்து வண்டியை இறக்கிக்கொள்ளலாம். "வயித்துப் புள்ளைய வெச்சுக்கிட்டு வழி நெடுக நின்னு நின்னு போக முடியாதுங்க" என்றார். நியாயம்தான். ராவுத்தர் தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு, தன் பெட்டியை வண்டியிலிருந்து எடுத்துக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டார். இருபது வருஷப் பெருமையோடு பாலக்காட்டுக்கு வேலையில்லாமல் திரும்பப் போகிறவரின் பெட்டி மிகச் சிறியதாக இருந்தது.

இப்போது வைத்தியனின் முறை. கையேட்டில் 'என்ஜின் அளவு மீறிச் சூடாதல்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் உண்டு. நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பட்டியலை மேலிருந்து கீழாகப் பாராயணம் செய்யத் தொடங்கினேன். தெர்மோஸ்டாட் என்ற சிறிய பித்தளை உருப்படி அடைத்துக்கொண்டிருக்கலாம் என்றது புத்தகம். கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். தாமரை மொட்டு மாதிரி அழகாக விரிந்தது. ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம் என்றது. கழுவினேன், ஓடைத் தண்ணீர் ஓடைத் தண்ணீராகவே வெளியே வந்தது. பொறி தாமதமாகத் தெறிக்கலாம் என்றது. அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன், புரியவில்லை, எனவே அது காரணமாக இருக்க முடியாது என்று தீர்மானித்தேன். பட்டியலின் கடைசி வரி விசிறி பெல்ட். என்ஜினுக்கு முன்னால் இருக்கும் விசிறியைச் சுற்றுவது அந்த ரப்பர் வார்தான். விசிறிதான் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுத்துத் தண்ணீரை ஆற்றுகிறது. இவ்வளவு படித்துவிட்டு வந்து விசிறியில் போய் முடிப்பதா என்று எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாக இருந்தது. இருந்தாலும் புத்தகம் சொன்னபடி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். முக்கால் அங்குலம் அமுங்கியது. அறுந்தும் போகவில்லை, தொய்ந்தும் போகவில்லை. ராவுத்தரை வண்டியைக் கிளப்பச் சொன்னேன். விசிறி சுற்றியது. தேறிவிட்டது என்று முடிவு செய்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

ராவுத்தர் இவ்வளவையும் பக்கத்தில் நின்று பார்த்தார். கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார், கேட்காததை ஒன்றும் சொல்லவில்லை. வண்டியின் ஹாரன் கூடக் கன்றுக்குட்டி மாதிரி ஈனமாகக் கத்துகிறதே என்றேன். "ஆமாங்க" என்றார். புத்தகத்தில் ஹாரன் வேறு பக்கத்தில் இருந்தது. அதை நான் வேறு வியாதி என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் துணி துவைக்க எடுத்த என் மனைவி, வேட்டியைக் கையில் பிடித்தபடி வெளியே ஓடிப் போய்ச் செம்பருத்திச் செடியோரம் குமட்டினாள். ஏழாம் மாதத்தில் அவளுடைய மூக்கு போலீஸ் நாயைத் தோற்கடிக்கும் நிலையில் இருந்தது. மூன்றாவது வீட்டில் கடுகு தாளிப்பதற்கு இவள் இங்கே முகம் சுளிப்பாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "ஏனுங்க, இந்த வேட்டியில என்னத்தைத் தொடச்சீங்க?" என்றாள்.

"என்ஜின் எண்ணெய்" என்றேன் வைத்தியனின் அலுப்போடு.

"எஞ்சினும் இல்ல, கிஞ்சினும் இல்ல. இது வெளக்கெண்ணெய். எங்கய்யன் கவலைக்குப் போடற எண்ணெயுங்க. பொறந்ததுல இருந்து மோந்துக்கிட்டு இருக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கவலை என்பது கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு. மேலே ஓர் உருளை, அதன்மேல் ஓடும் வடம், தண்ணீர் மொள்ளும் பறிக்குத் தோல் வால். உருளை கிறீச்சிட்டால் அது நிலத்துக்காரனுக்கு அவமானம். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள், "அவன் ஊட்டுல எண்ணெய்க்குப் பஞ்சமாட்ட இருக்குது" என்பார்கள். உருளைக்கு விளக்கெண்ணெய் விட வேண்டும், தோல் வெடிக்காமல் இருக்க அதற்கும் தடவ வேண்டும். பண்ணையில் ஆள் எத்தனை பேர் இருந்தாலும் மாமனார் இதை மட்டும் யாரிடமும் விட்டதில்லை. இப்போது நினைத்துப் பாருங்கள். மோட்டாரின் மூடியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? உருளை. உருளையைச் சுற்றி வார். காலைக் குளிரில் அது கிறீச்சென்று கத்துகிறது. அந்த என்ஜினில் மற்றதெல்லாம் அவருக்கு அந்நியம். அந்த ஒன்று மட்டும் சொந்தக்காரர் மாதிரி குரல் கொடுத்து அவரைக் கூப்பிட்டிருக்கிறது. அவர் எண்ணெய் விட்டார். கத்தல் நின்றது. வாரத்துக்கு ஒரு முறை விட்டார். பிரயாணத்தில் நின்ற இடத்திலெல்லாம் விட்டார்.

எண்ணெய் பூசிய பெல்ட், வண்டி சும்மா நிற்கும்போது விசிறியை மெதுவாகச் சுற்றும். என்ஜின் வேகம் பிடித்தால் வழுக்கும். வைத்தியர் நாடி பார்த்ததோ சும்மா நிற்கும்போது. நான் ஒரு செய்தித்தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வண்டியிடம் ஓடினேன். ராவுத்தரை என்ஜினை முடுக்கச் சொல்லிவிட்டு, தாளை ரேடியேட்டரின் முகத்துக்கு நேரே பிடித்தேன். விசிறி ஒழுங்காக இழுத்தால் தாள் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். என்ஜின் புலி மாதிரி உறுமியது. தாள் கொடியில் காயும் கோவணம் மாதிரி தேமே என்று தொங்கியது. ஹாரனின் ஈனக் குரலுக்கும் அர்த்தம் விளங்கியது. அதற்கு மின்சாரம் தரும் டைனமோவையும் சுற்றுவது இதே பெல்ட்.

ராவுத்தர் என்ஜினை நிறுத்தினார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றேன்.

"பழனியிலேயே தெரியுங்க மாப்பிள்ளை. நான் சாம்பல் போட்டுத் தொடைப்பேன். அந்தப் பக்கம் போய் ஒரு பீடி பத்த வெச்சுட்டு வர்றதுக்குள்ள மொதலாளி எண்ணெய் போட்டிருப்பாரு."

"சொல்லியிருக்கலாமே!"

"சொல்லணும்னுதான் இருந்தேன். குமுளி ஏத்தத்துல, தண்ணி ஊத்தினியான்னு கேட்டாரில்ல? வண்டிக்குத் தண்ணி ஊத்தத் தெரியாதவன் அவருக்குப் புத்தி சொல்லலாமா?" பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "அதொண்ணும் சாரமில்லைங்க, போகட்டும். நமக்கு வேற வண்டி கிட்டும்."

கிட்டாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். என்ஜினைக் கொதிக்க விட்டதற்காக நிறுத்தப்பட்ட டிரைவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் பாலக்காடு போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். மாமனாரிடம் நான்தான் சொல்ல வேண்டும். மருமகன் மாமனாரிடம், சம்பந்தி சாதி சனம் கூடியிருக்கும் வீட்டில், "வண்டியைக் கெடுத்தது நீங்கள்தான்" என்று சொல்வது எப்படி? மனைவியைக் கேட்டேன். "எங்கய்யன் மூஞ்சி வாடற மாதிரி ஏதாச்சும் சொன்னீங்கன்னா நான் கட்டுச்சோத்தைத் தொடமாட்டேன்" என்றாள். "ராவுத்தரை அனுப்பிட்டாலும் தொடமாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள். எனக்கு அறிவுரை தேவைப்பட்ட நேரங்களில் எல்லாம் அவள் இப்படித்தான் உதவியிருக்கிறாள்.

கடைசியில் கோழைகளின் புகலிடமான புத்தகத்தையே தூக்கிக்கொண்டு போனேன். வராந்தா நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "மாமா, புத்தகத்தில் ஒரு விஷயம் போட்டிருக்கிறது" என்று ஆரம்பித்து, புராணம் படிக்கிற குரலில் வாசித்தேன். "விசிறி வாரின் மீது எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது." அந்த வரி உண்மையாகவே இருந்தது. நான் இட்டுக்கட்டவில்லை.

மாமனார் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "எண்ணெயின்னா, எந்த எண்ணெயிங்க?"

"எல்லா எண்ணெயும்தான் மாமா."

"வெளக்கெண்ணெயுமா?"

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். அவர் எழுந்தார். உள்ளே பார்த்து மாமியாரிடம், "அந்த அரப்புப் பொட்டணத்தை எடு" என்றார். எங்கள் ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பிசுக்குப் போகத் தலைக்குத் தேய்க்கும் இலைப் பொடி அரப்பு. பெண்ணுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்தது. ராவுத்தர் பெல்ட்டைக் கழற்றிக் கொடுக்க, மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெந்நீர்ப் பானையருகே குந்தி உட்கார்ந்து, மூன்று தரம் அரப்புப் போட்டு அதைத் தேய்த்துக் கழுவினார். உருளைகளையும் துடைத்தார். குழந்தையைத் துவட்டுவது போலத் துண்டால் துவட்டி, ராவுத்தர் கையில் கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாட்டிக் கிளப்பியதும் பெல்ட் கிறீச்சென்றது. செய்தித்தாள் பாய்ந்து போய் ரேடியேட்டரில் ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் பீர்மேடு ஏற்றத்தில் வண்டி ஒரு பெருமூச்சுக்கூட விடவில்லை. ராவுத்தரின் பெட்டி மறுபடி வண்டிக்குள் போயிற்று. மாமியார் புதிதாகக் கிளறிய சோற்றோடு விருந்து நடந்தது. மனைவி இரண்டு சோற்றையும் தொட்டாள், நன்றாகவே தொட்டாள். அவர்கள் மலையிறங்கிப் போனபோது என் மேதாவித்தனத்தை நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுச் சேதியெல்லாம் எழுதிவிட்டு அடியில் இப்படி: "அய்யன் இப்பவெல்லாம் வண்டி நிக்கற கொட்டாய்ப் பக்கமே போறதில்லீங்க. முன்னெல்லாம் விடிஞ்சதும் அங்கதான் நிப்பாரு. ஏனுங்கய்யான்னு கேட்டா, 'எனக்கென்னத்தைத் தெரியும், படிச்சவங்க பார்த்துக்குவாங்க'ங்கறாரு. வண்டியில போறப்பக் கூட விருந்தாளியாட்ட பின்னால கையக் கட்டிக்கிட்டு உக்கார்ந்துக்கறாரு."

குமாஸ்தா எழுத்தாளனாகிவிட்ட இந்த இருபத்தைந்து வருஷத்தில் நான் எத்தனையோ பேரைத் திருத்தியிருக்கிறேன். எழுதுகிறவனுக்கு அது ஒரு தொழில் நோய். இன்று என் சொந்த வண்டி சூடானால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, அவர்கள் கழற்றுவதைத் தூரத்து பெஞ்சில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன். அப்போதெல்லாம் மாமனார் உட்கார்ந்திருந்த விதம் எனக்குப் புரிகிறது. அவருக்கும் அந்த இயந்திரத்துக்கும் இருந்த ஒரே உறவு அந்த எண்ணெய்தான். நான் சொன்னது சரி. சொல்லாமலும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் சரியாகச் சொன்னவன் என்பதற்காக கடிதம் வந்த அன்று யாராவது என்னைப் பாராட்டியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும்.

மகன் பிறந்து, அவனைப் பார்க்க வடகரப்பதி போயிருந்தேன். இரண்டாம் நாள் விடிந்து பல் குச்சியோடு வெளியே வந்தபோது, ராவுத்தர் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, கீல்களை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் வாடை. துடைத்து முடித்ததும் கீழேயிருந்து ஒரு சிட்டிகை புழுதியை எடுத்து, உணவில் உப்புப் போடுவது போலக் கீலில் தூவினார். கதவை ஆட்டிப் பார்த்தார். திருப்தியில்லை. இன்னொரு சிட்டிகை.

"என்ன ராவுத்தரே இது?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்காதீங்க மாப்பிள்ளை. புண்ணியமாப் போகும்" என்றார்.

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் புறப்பட மாமனார் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார். பின்கதவைத் திறந்தார். பண்ணையில் மேய்ந்த மயில்கள் பறந்து போகிற மாதிரி ஒரு கிறீச்சல். மாமனார் நின்றார். கதவைச் சாத்தினார். மறுபடி திறந்தார். அவருடைய காது, எவ்வளவோ நாளைக்குப் பிறகு பழக்கமான குரலைக் கேட்டது போல ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஏனுங் ராவுத்தரே, இருவது வருசம் வண்டி ஓட்டினேங்கறீங்க. ஒரு கதவுக்கு எண்ணெய் போடத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

நான் ராவுத்தரைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டதற்கு வாயை மூடிக்கொண்டு, வேலையே போனாலும் போகட்டும் என்று பெட்டியை எடுத்து வைத்த மனிதர் அவர்.

"நமக்கு அதெல்லாம் பிடி கிட்டாதுங்க மொதலாளி" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "நீங்கதான் பார்க்கணும்."

மாமனார் துண்டைக் கழற்றி வண்டியின் மேல் போட்டார். உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். கத்தியது ஒரு கதவுதான். அவர் நான்கு கதவுகளுக்கும் ஒவ்வொன்றாகக் குந்தி உட்கார்ந்து, கோழி இறகால் தொட்டுத் தொட்டு வைத்தார். சந்தைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ராவுத்தர் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, கதவுக்குக் கதவு அவர் பின்னாலேயே போனார்.